வெளியே போராட்டம், உள்ளே கேள்வி நேரம்

1/
கொஞ்சம் நீண்ட இழை. நைட் ட்யூட்டி இல்லாத நாள்ல நிதானமா படிங்க.

நாடே கொந்தளிச்சுக்கிட்டு இருக்கும்போது ஒரு சபை தினமும் கூடுது. மனு வாங்குது, கேள்வி கேக்குது, தீர்மானம் போடுது, மறுநாளைக்கு ஒத்திவச்சிட்டுக் கலையுது. இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா? லண்டன்ல ஆரம்பிச்சு நம்ம புதுக்கோட்டைக்கு வர்றேன்.

2/
இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன்.

2021 மே. கோவிட் இரண்டாவது அலை. அப்போ நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையில வார்டு நிரம்பி வராண்டா வரைக்கும் கட்டில். விடியற்காலை நாலு மணிக்கு சிஸ்டர் சென்சஸ் நோட்டை நீட்டுறாங்க. அட்மிஷன் எத்தனை, டிஸ்சார்ஜ் எத்தனை, இறப்பு எத்தனை. கையெழுத்து போடணும்.

"இப்ப இது ரொம்ப முக்கியமா சிஸ்டர்?"னு எரிஞ்சு விழுந்தேன்.

"நாளைக்கு ஆக்சிஜன் கேக்குறது இந்தக் கணக்க வச்சுதான் சார்"னாங்க. கையெழுத்து போட்டேன்.

3/
அன்னைக்குக் காலையில ட்யூட்டி முடிச்சு வந்து, போன்ல ஒரு ராஜினாமா கடிதம் எழுதினேன். நாலு வரி. அனுப்பல, அழிக்கவும் இல்ல. அதுக்குக் கடைசியில வர்றேன்.

4/
இப்போ லண்டன். 1642 ஜனவரி. மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை முத்தி, மன்னர் ஊரைவிட்டே கிளம்பிட்டார். ஆகஸ்ட் 22, நாட்டிங்ஹாம்ல போர்க்கொடி ஏத்தினார். உள்நாட்டுப் போர் ஆரம்பம். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்னு குடும்பங்களே பிளந்து நின்ன போர் அது.

5/
அந்த நாடாளுமன்றத்துல ரெண்டு அவை. கீழவை, தேர்தல்ல ஜெயிச்சவங்களுக்கு. மேலவை, பிரபுக்களுக்கு. நம்ம ராஜ்யசபா மாதிரின்னு நினைச்சுடாதீங்க. அங்க தேர்தலே கிடையாது. பரம்பரைப் பட்டம் உள்ளவங்களும் பிஷப்புகளும்தான் உட்காருவாங்க. 1642 தொடக்கத்துலயே சட்டம் போட்டு பிஷப்புகளை வெளியேத்திட்டாங்க.

மீதி இருந்த பிரபுக்கள்ல பெரும்பாலானவங்க ஒண்ணு மன்னர் பக்கம் போயிட்டாங்க, இல்ல சொந்த ஊருக்குப் போய் ஒதுங்கிட்டாங்க. லண்டன்ல மிஞ்சினது முப்பது பேர் அளவுக்குத்தான். பல நாள் இருபது பேர்கூட வரல.

6/
ஆனாலும் சபை கூடுச்சு. ஞாயிறு தவிர ஏறக்குறைய எல்லா நாளும். அந்த நாட்குறிப்புகளை இன்னைக்கு இணையத்துல படிக்கலாம். படிச்சா ஆச்சரியமா இருக்கும். போர்க்களத்துல ஆயிரக்கணக்கான பேர் செத்துக்கிட்டு இருக்காங்க. இங்க என்ன நடக்குது?

காலையில பிரார்த்தனை. வந்தவங்க பேர்ப்பட்டியல். அப்புறம் மனுக்கள்.

7/
ஒருத்தருக்கு ஊருக்குப் போக வர பயண அனுமதிச் சீட்டு வேணும். (நம்ம இ-பாஸ் ஞாபகம் வருதா?) ஒரு ஊர்ல தேவாலயத்துக்குப் பாதிரியார் நியமிக்கணும். ஒரு பிரபுவோட வேலைக்காரனைக் கடனுக்காகப் பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க, பிரபு வீட்டு ஆளைக் கைது பண்ணக்கூடாதுங்கிற சிறப்புரிமை மீறப்பட்டிருக்கு, விசாரிக்கணும். ஒரு கைதி விடுதலை கேக்குறார். கீழவையிலருந்து ஆள் வந்து, போர்ச்செலவுக்கு வரி போடும் உத்தரவுக்கு ஒப்புதல் கேக்குறாங்க.

எல்லாத்தையும் ஜான் பிரவுன்கிற எழுத்தர் பொறுப்புல பதிவு பண்ணிக்கிட்டே வந்தாங்க. கடைசி வரி எப்பவும் ஒண்ணுதான்: நாளைக்கு இத்தனை மணிக்குக் கூடுவோம்.

8/
சின்ன வேலைக்கு நடுவுல பெரிய வேலையும் உண்டு. கேன்டர்பரி பேராயர் வில்லியம் லாடை 1644 மார்ச்சிலிருந்து இந்த அவைதான் விசாரிச்சுது. 1645 ஜனவரி 4-ல மரண தண்டனைக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. ஜனவரி 10-ல தலையை வெட்டிட்டாங்க. மன்னர் கையெழுத்து இல்லாம போடுற சட்டத்துக்கு 'ஆர்டினன்ஸ்'னு பேர் வச்சு ஓட்டினாங்க. நம்ம ஊர் அவசரச் சட்டத்துக்கும் இங்கிலீஷ்ல இதே சொல்தான்.

9/
முடிவு எப்படி வந்துச்சு? 1648 டிசம்பர்ல ராணுவம் கீழவைக்குள்ள யார் போகலாம், யார் போகக்கூடாதுன்னு வாசல்ல நின்னு வடிகட்டுச்சு. மிஞ்சினவங்க மன்னர் மேல விசாரணைன்னு தீர்மானம் போட்டு மேலவைக்கு அனுப்பினாங்க. 1649 ஜனவரி 2. அன்னைக்கு வந்திருந்த பிரபுக்கள் ஒரு டஜன் பேர் அளவுக்குத்தான். ஆனா முடியாதுன்னு நிராகரிச்சாங்க.

கீழவை கண்டுக்கவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு, உங்க ஒப்புதலே தேவையில்லைன்னு தீர்மானம் போட்டுட்டு வேலையைத் தொடர்ந்துச்சு.

10/
ஜனவரி 30, மன்னர் தலை போச்சு. பிப்ரவரி 6, மேலவையும் கூடித்தான் இருந்துச்சு. அதே நாள்ல கீழவை, மேலவை உபயோகமில்லாதது, ஆபத்தானது, கலைச்சுடலாம்னு முடிவெடுத்துச்சு. மார்ச் 19-ல சட்டமாவே போட்டாங்க. அடுத்த கூட்டம் 1660 ஏப்ரல்ல. பதினோரு வருஷம் கழிச்சு.

கலைச்சப்போ தெருவுல யாரும் பெருசா அழல. ஏன்னா அதிகாரம் எப்பவோ கீழவைக்கும் ராணுவத்துக்கும் போயிடுச்சு. இவங்ககிட்ட மிஞ்சினது நோட்டும் பேனாவும்தான்.

11/
'அப்போ வெட்டி வேலைதானே?'ன்னு நானும் நினைச்சேன். ஆனா கதையில ஒரு திருப்பம் இருக்கு.

1834-ல வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில பெரிய தீ விபத்து. கீழவையோட பழைய ஆவணங்கள் பெரும்பாலும் சாம்பலாச்சு. மேலவை ஆவணங்கள் தனியா, 'ஜுவல் டவர்'ங்கிற கல் கோபுரத்துல இருந்ததால தப்பிச்சுது. போர்க்காலத்துல அந்த வாசலுக்கு வந்த கைதி, கடன்காரன், விதவை, பாதிரியார் இவங்க மனுக்கள் இன்னைக்கும் இருக்கு. தளபதிங்க கதையைச் சொல்ல ஆயிரம் புத்தகம் உண்டு. அந்தச் சாதாரண ஆளுங்க என்ன பாடுபட்டாங்கன்னு தெரிய இந்தக் காகிதக் கட்டுதான்.

12/
சரி, இதுக்கும் புதுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

இதே மாதிரி ஒரு சபையில நம்ம மாவட்டத்துக்காரங்க ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. சென்னை மாகாண சட்டசபை, 1927 முதல் 1930 வரை. வெளியே நடந்தது உள்நாட்டுப் போர் இல்ல, சுதந்திரப் போராட்டம். ஆனா கேள்வி அதேதான். வெளியே இவ்வளவு நடக்கும்போது உள்ள உட்கார்ந்து மசோதா படிக்கிறது நியாயமா?

13/
ஒரு குழப்பம் வராம இருக்க: அந்தச் சபைக்கு இங்கிலீஷ்ல 'லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்'னு பேர். 1937-க்கு அப்புறம் அதே பேர் மேலவைக்குப் போச்சு. எம்.ஜி.ஆர். ஆட்சியில 1986 நவம்பர் 1-ல கலைச்சாங்களே, அந்த மேலவை. நான் சொல்ற காலத்துல மாகாணத்துக்கு ஒரே அவைதான். தேர்தல்ல வந்தவங்க 98 பேர், அதுபோக அரசு நியமிச்சவங்க.

அதிகாரமும் பாதிதான். கல்வி, சுகாதாரம் மாதிரி துறைகள் மந்திரிகள்கிட்ட. போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் கவர்னரோட ஆளுங்ககிட்ட. இரட்டையாட்சின்னு பள்ளிப் பாடத்துல படிச்சிருப்பீங்க.

14/
முதல் ஆள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886 ஜூலை 30, புதுக்கோட்டை சமஸ்தானத்துல பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பம். பையன்கள் மட்டும் படிச்ச மன்னர் கல்லூரியில (இன்றைய மாமன்னர் கல்லூரி) எதிர்ப்பை மீறி அவரைச் சேர்க்க மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில முதல் பெண் ஹவுஸ் சர்ஜன்.

15/
ரெண்டாவது ஆள் சத்தியமூர்த்தி. 1887-ல திருமயத்துல பிறந்தவர். அவரும் அதே மன்னர் கல்லூரிதான். காங்கிரஸ்ல சுயராஜ்யக் கட்சிப் பக்கம். அதாவது சட்டசபையைப் புறக்கணிக்காம, உள்ள போய் அரசைக் கேள்வியால குடையணும்கிற பக்கம். கேள்வி நேரம்னா அவர் கையில கத்தி மாதிரி.

ஒரே ஊர்க் கல்லூரி, ஒரே சபை. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னாங்களா? இல்ல. வர்றேன்.

16/
1921-ல பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த முதல் மாகாணம் சென்னை. ஆனா பெண்கள் உறுப்பினராகலாம்னு கதவு திறந்தது 1926-லதான். அந்தத் தேர்தல்ல மங்களூர்ல நின்ன கமலாதேவி சட்டோபாத்யாய் கொஞ்ச வாக்கு வித்தியாசத்துல தோத்துட்டார். அப்புறம் இந்திய மாதர் சங்கம் சொல்லி, அரசு நியமன உறுப்பினரா உள்ள வந்தவர் முத்துலட்சுமி. ப்ராக்டிஸ் கெட்டுடும்னு அவருக்கே தயக்கம் இருந்துச்சு. உள்ள வந்ததும் துணைத் தலைவரா ஒருமனதா தேர்ந்தெடுத்தாங்க.

17/
அங்க தினசரி வேலை என்ன? கேள்வி நேரம். மானியக் கோரிக்கை. வெட்டுத் தீர்மானம். மசோதா, அப்புறம் தேர்வுக் குழு, திருத்தம், மறுபடி திருத்தம். கேக்கவே தூக்கம் வரும்.

அந்தத் தூக்கம் வர்ற வேலையில இவர் என்ன கேட்டார்னு பாருங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு ஃபீஸ் சலுகை. குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை. திருமண வயதை உயர்த்தணும்னு தீர்மானம். இன்னைக்கு ஸ்கூல் ஹெல்த் டீம் வேன்ல போய் இறங்குறதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு காலத்துல இதையே ஒருத்தர் எழுந்து நின்னு கேக்க வேண்டியிருந்துச்சுன்னு நினைச்சுக்குவேன்.

18/
எல்லாத்தையும் விடப் பெரிய வேலை, தேவதாசி முறை. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுற பழக்கம். 1927 நவம்பர்ல அதை நிறுத்தச் சட்டம் வேணும்னு சபையில தீர்மானம் கொண்டு வந்தார்.

எதிர்த்தவர்கள்ல முக்கியமானவர் நம்ம திருமயம் சத்தியமூர்த்தி. முத்துலட்சுமி அவருக்குக் கொடுத்ததா ஒரு பதிலடி வாட்ஸ்அப்ல சுத்தும். இந்த இழைக்கு அது தேவையில்ல. நடந்த வேலை அதைவிட முக்கியம்.

19/
எதிர்ப்பு ஆண்கள்கிட்டருந்து மட்டும் வரல. தேவதாசிப் பெண்கள்லயே ஒரு பகுதியினர் ஒண்ணுகூடி அரசுக்கு மனு கொடுத்தாங்க. எங்க கலை, எங்க சொத்துரிமை என்ன ஆகும்னு கேட்டாங்க. இன்னொரு பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மாதிரி அதே சமூகத்துலருந்து வந்து ஊர் ஊரா இந்த முறையை எதிர்த்துப் பேசினவங்களும் இருந்தாங்க. இந்தக் குரல் எல்லாத்தையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் படிக்கணும்.

20/
தடை போடுன்னு சொல்றது சுலபம். சிக்கல் எங்க இருந்துச்சு? நிலத்துல. கோயில்ல சேவை செய்யுறதுக்காகத்தான் அந்தப் பெண்களுக்கு இனாம் நிலம். சேவையை விட்டா நிலம் போயிடும். அதனாலயே அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக்கட்ட வேண்டியிருந்துச்சு.

21/
முத்துலட்சுமி அந்த முடிச்சைத்தான் முதல்ல அவிழ்த்தார். இந்து அறநிலையச் சட்டத்துல ஒரு திருத்தம், 1929. சேவையையும் நிலத்தையும் தனித்தனியாப் பிரிச்சது. சேவை செய்யாமலே நிலம் அந்தப் பெண்கள் பேர்ல நிக்கும்.

மேடையில பேசினா கைதட்டு வாங்காத விஷயம் இது. 'இனாம்', 'தீர்வை', 'உட்பிரிவு'ன்னு ஒரே தாலுகா ஆபீஸ் பாஷை. ஆனா ஒரு அம்மா, தன் பொண்ணுக்குப் பொட்டுக்கட்ட மாட்டேன்னு தைரியமா சொல்றதுக்குக் கையில ஒரு துண்டு நிலம் வேணும்ல?

22/
இதுல ஒரு வேடிக்கை. சென்னை சட்டசபை போடுற சட்டம் புதுக்கோட்டைக்குத் தானா செல்லாது. நம்ம ஊர் அப்போ தனி சமஸ்தானம். 1948 மார்ச் 3-லதான் இந்தியாவோட இணைஞ்சு திருச்சி மாவட்டத்துல சேர்ந்துச்சு. தனி மாவட்டமானது 1974-ல. தான் பிறந்த ஊருக்குச் செல்லாத சட்டத்துக்காகத்தான் அவர் மூணு வருஷம் அங்க மல்லுக்கட்டினார்.

23/
இப்போ 1930. லாகூர் காங்கிரஸ் முடிவுப்படி காங்கிரஸ்காரங்க சட்டசபைகளைவிட்டு வெளியேற ஆரம்பிச்சாங்க. மார்ச் 12, காந்தி தண்டிக்கு நடந்தார். ஏப்ரல் 13, ராஜாஜி திருச்சியிலருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியா நம்ம பக்கத்து ஊர்கள்லதான் நடந்தாங்க. தொண்டர்களுக்குச் சோறு போட்டா ஜெயில்னு கலெக்டர் உத்தரவு. ஏப்ரல் 30, ராஜாஜி கைது. மே 5, காந்தி கைது.

24/
அந்த நேரத்துல முத்துலட்சுமி கையில என்ன இருந்துச்சு? பொட்டுக்கட்டுறதையே குற்றமாக்குற அடுத்த மசோதா. நிலத் திருத்தம் பாதி வேலைதான். மீதிப் பாதி இது. இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்தா நிறைவேறலாம். எழுந்து போனா கிடப்புல விழும். அவருக்கே நல்லாத் தெரியும்.

காந்தி கைதானதைக் கண்டிச்சு அவர் ராஜினாமா பண்ணிட்டார்.

25/
மசோதா கிடப்புலதான் விழுந்துச்சு. தேவதாசி முறையை முழுசாத் தடை செஞ்ச சட்டம் சென்னையில வந்தது 1947-ல. பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்துல எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டியிருப்பாங்க? இந்த ராஜினாமாவைத் தியாகம்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. அவர் கொடுத்த விலையில ஒரு பங்கை அந்தப் பிள்ளைகளும் கொடுத்தாங்க.

26/
ஆனா இன்னொண்ணையும் பாருங்க. சபையைவிட்டு வந்தவர் சும்மா இருக்கல. அதே 1930-ல தேவதாசிக் குடும்பங்கள்லருந்து தப்பிச்சு வந்த பெண்பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. தங்க வச்சார். அதுதான் அவ்வை இல்லமா வளர்ந்துச்சு. 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்னைக்கும் எங்ககிட்ட வர்ற கேன்சர் நோயாளிகள்ல சிலர் கையில அடையாறு ஃபைல் இருக்கும்.

27/
சத்தியமூர்த்திக்கும் நியாயம் சொல்லணும். தேவதாசி விஷயத்துல அவர் நின்ன பக்கம் தப்புன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா சட்டசபைக்குள்ள போய் வேலை பார்க்கணும்கிறதைக் காங்கிரஸ்ல கடைசிவரை பிடிவாதமாச் சொன்னவர் அவர். பின்னாடி சென்னை மேயரா இருந்தப்போ நகரத்துத் தண்ணிக்காக அவர் பிடிவாதமா நின்னதுதான் பூண்டி நீர்த்தேக்கம். இன்னைக்கும் அதுக்கு அவர் பேர்.

28/
இப்போ ரெண்டு சபையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

லண்டன் பிரபுக்கள் கடைசி நாள் வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. உட்கார்ந்ததுல தப்பில்ல. வாசல்ல நின்னவங்க மனுவை வாங்கின வரைக்கும் அந்த நாற்காலிக்கு மதிப்பு இருந்துச்சு. அவங்க சொல்றதை யாரும் கேக்காத நிலை வந்தப்புறம், உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போனாலும் ஒண்ணாயிடுச்சு.

முத்துலட்சுமி எழுந்து போனது செய்தியாச்சு. காரணம், அதுக்கு முன்னாடி மூணு வருஷம் அவர் உட்கார்ந்து பார்த்த வேலை. முதல் நாளே புறக்கணிச்சிருந்தா அந்த நிலத் திருத்தம் இல்ல, ராஜினாமாவுக்கு எடையும் இல்ல.

29/
சர்வீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி தங்கச்சிகள் அடிக்கடி இன்பாக்ஸ்ல கேக்குறீங்க: "அண்ணா, ஏ.ஆர். நோட்டு, சென்சஸ், ரிப்போர்ட்னு எழுதியே நாள் போகுது. இதுக்கா எம்பிபிஎஸ் படிச்சோம்?"

நீங்க அவசரத்துல எழுதின ஒரு ஏ.ஆர். என்ட்ரி, அடிபட்டு வந்த ஒரு பொண்ணுக்கு அஞ்சு வருஷம் கழிச்சுக் கோர்ட்ல ஒரே சாட்சியா நிக்கலாம். அந்த சிஸ்டர் அன்னைக்கு நாலு மணிக்குக் கேட்ட கணக்குலதான் மறுநாள் வார்டுக்கு சிலிண்டர் வந்துச்சு. எழுதுங்க. காயத்தோட நீளம், அகலம், நேரம் எல்லாம் ஒழுங்கா எழுதுங்க.

30/
அதே சமயம், எப்பவுமே உட்கார்ந்தே இருங்கன்னும் சொல்ல மாட்டேன். நாம எழுதுறதை யாரும் படிக்கல, வாசல்ல நிக்கிறவங்களுக்கு நம்மால ஒண்ணும் நடக்கலன்னு ஆகுற நாள் ஒண்ணு வரலாம். அந்த நாள் எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். முத்துலட்சுமிக்கே அது விலை இல்லாம கிடைக்கல.

31/
அவர் பிறந்த ஜூலை 30-ஐத் தமிழ்நாடு அரசு 2019-லருந்து மருத்துவமனை தினமாக் கொண்டாடுது. கோலம் போடுவோம், படத்துக்கு மாலை போடுவோம், கேக் வெட்டுவோம். அடுத்த தடவை அந்தப் படத்துக்கு முன்னாடி நிக்கும்போது, 'முதல் பெண் டாக்டர்'னு மட்டும் நினைக்காம, இனாம் நிலத்துக்குத் திருத்தம் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்த மூணு வருஷத்தையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.

32/
என்னோட அந்த நாலு வரிக் கடிதம் இன்னும் போன்லதான் இருக்கு. ரெண்டு போன் மாத்திட்டேன், அதுவும் கூடவே வந்துடுது. அனுப்புற நாள் வந்தா அனுப்புவேன். இப்போதைக்கு, நாளைக்குக் காலை ஏழரைக்கு ஓபி.

உங்க வீட்டுல சமஸ்தான காலத்துப் பழைய பத்திரமோ மனுவோ இருந்தா பழைய பேப்பர் கடையில போட்டுடாதீங்க. எடுத்து வைங்க.